1850ல கூண்டு வண்டியோட கலிபோர்னியா போற இளம் டாக்டருக்கு ஒரு கையேடு

கொஞ்ச நாளாவே அமெரிக்காவுல மேற்கே நடந்து போன ஆளுங்க எழுதி வெச்ச டைரிங்களா படிச்சுத் தள்ளிட்டு இருக்கேன், இப்ப மண்டைக்குள்ள மாட்டு வண்டிதான் ஓடுது. நான் டாக்டர் எல்லாம் இல்ல, மருந்துக்கடைல பன்னெண்டு வருஷம் கவுண்டர்ல நின்னவன், அதனால எந்த டைரிய எடுத்தாலும் என் கண்ணு நேரா அந்த டாக்டர் பைல என்ன மருந்து இருந்துச்சுங்கற இடத்துலதான் போய் நிக்கும். அத வெச்சு எழுதினதுதான் இது. இப்ப உங்களுக்கு இருபத்தி நாலு வயசு, புதுசா டாக்டர் பட்டம், வருஷம் 1850, மாசம் ஏப்ரல், மிசௌரி ஆத்தங்கரைல செயின்ட் ஜோசப் ஊர்ல சேத்துல நிக்கறீங்கன்னு வெச்சுக்கங்க. கிட்டத்தட்ட 2000 மைல் தாண்டி கலிபோர்னியால தங்கச் சுரங்கப் பக்கம் இருக்கற சாக்ரமென்டோ போகணும். உயிரோட போகணும், கூட வர்றவங்களையும் உங்க கையால கொல்லாம போகணும். இந்த ரெண்டாவதுதான் கஷ்டம், ஏன்னு போகப்போகத் தெரியும்.

மொதல்ல உங்க படிப்பப் பத்தி உண்மைய பேசிடுவோம். ஒரு பழைய டாக்டர்கிட்ட மூணு வருஷம் எடுபிடியா இருந்திருப்பீங்க, அவர் குதிரைக்கு புல்லு போட்டு, மாத்திரை உருட்டி, புட்டி கழுவி, ராத்திரி அவர் கூட லாந்தர் பிடிச்சுட்டு போய். அப்புறம் காலேஜ்ல ரெண்டு டேர்ம், ஒவ்வொண்ணும் சுமாரா நாலு மாசம், ரெண்டாவது டேர்ம்ல மொத டேர்ம் பாடத்தையே திரும்ப கேக்கணும், அவ்வளவுதான் டிகிரி. அதுக்கு மேல லைசென்ஸ்னு யாரும் கேக்க மாட்டாங்க, 1830, 40கள்ல பல மாநிலம் லைசென்ஸ் சட்டத்தையே தூக்கிப் போட்டுட்டாங்க, யாரு வேணா போர்டு மாட்டலாம். அதனால நீங்க சேரப்போற வண்டிக் கூட்டத்துல இன்னும் ரெண்டு பேரு டாக்டர்னு சொல்லிட்டு வந்து நிப்பாங்க. ஒருத்தர் லோபிலியா பச்சிலை குடுத்து வாந்தி எடுக்க வெச்சு ஆவி பிடிக்க வைக்கற தாம்சன் கட்சி, இன்னொருத்தர் ஹோமியோபதி சர்க்கரை உருண்டை. சண்டை போடாதீங்க. என்னக் கேட்டா உங்களயும் சேத்து மூணு பேர்ல சர்க்கரை உருண்டைக்காரர்கிட்ட போன நோயாளிக்குத்தான் லாபம், அவர் ஒண்ணுமே பண்ண மாட்டாருங்கற ஒரே காரணத்துக்காக.

பொம்பளைங்க டாக்டராக முடியுமான்னு கேட்டா, நியூயார்க் மாநிலத்துல ஜெனீவா காலேஜ்ல எலிசபெத் பிளாக்வெல் பட்டம் வாங்கி ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டியிருக்கு, 1849 ஜனவரில. நாட்டுலயே அவங்க ஒருத்தர்தான்.

அடுத்து, உங்ககிட்ட என்னவெல்லாம் இல்லன்னு தெரிஞ்சுக்கங்க, கதை எழுதறவங்க நிறைய பேரு இங்கதான் கோட்டை விடறாங்க. கழுத்துல ரெண்டு காதுக்கும் குழாய் தொங்குற ஸ்டெதஸ்கோப் கெடையாது, அது 1852ல நியூயார்க்ல வந்தது, உங்ககிட்ட இருக்கறது புல்லாங்குழல் மாதிரி ஒரு மரக் குழாய், ஒரு காதுதான். ஊசி போட சிரிஞ்ச் கெடையாது, அது 1853. ஜுரம் பாக்க சின்ன தெர்மாமீட்டர் 1860கள் பின்பாதிலதான் வருது, அதுவரைக்கும் புறங்கைய நெத்தில வெச்சுப் பாக்கறதுதான். கிருமின்னு ஒண்ணு இருக்குன்னே உங்களுக்கு தெரியாது, கெட்ட காத்துலதான் நோய் வருதுன்னு உங்க வாத்தியார் சொல்லிக் குடுத்திருப்பார், நீங்களும் அதத்தான் நம்பறீங்க. ஆனா ஒரு விஷயத்துல குடுத்து வெச்சவர் நீங்க, பாஸ்டன்ல ஈதர் குடுத்து வலியில்லாம ஆபரேஷன் பண்ணிக் காமிச்சு நாலு வருஷம்கூட ஆகல, குளோரோஃபார்ம் வந்து மூணு வருஷம்கூட முழுசா ஆகல. உங்களுக்கு முன்னாடி தலைமுறை டாக்டருங்க எல்லாம் நாலு ஆளு அமுக்கிப் பிடிக்க அறுத்தவங்க.

அந்த தலைமுறைல எப்ரயிம் மெக்டோவெல்னு ஒருத்தர், கென்டக்கில டான்வில் ஊரு, 1809. ஜேன் டாட் க்ராஃபர்ட்னு ஒரு அம்மா வயித்துல பெரிய கட்டியோட அறுபது மைல் குதிரைலயே வந்து அவர் வீட்டுல படுத்தாங்க, மயக்க மருந்து எதுவும் இல்லாம இருபத்தஞ்சு நிமிஷத்துல சினைப்பைக் கட்டிய எடுத்தார், இருபத்திரண்டு பவுண்டுக்கு மேல, பத்து கிலோ. அந்தம்மா அஞ்சாவது நாள் எந்திரிச்சு தன் படுக்கைய தானே சரி பண்ணிட்டு இருந்தாங்களாம். எல்லைப் பகுதி டாக்டர்னா துப்பில்லாதவன்னு யாராவது சொன்னா இத சொல்லுங்க. ஆனா நீங்க மெக்டோவெல் இல்ல, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

சரி, பை. குதிரை சேணத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்குற தோல் பை வாங்கணும், உள்ள சின்னச் சின்ன கண்ணாடி புட்டிக்கு அறை தச்சிருக்கும். என்ன போடணும்னா மொதல்ல குயினைன், எவ்வளவு காசு இருக்கோ அவ்வளவுக்கும். இந்த பையிலயே நோயோட வேர்ல கைய வைக்கற மருந்து அது ஒண்ணுதான். மிசௌரி, இல்லினாய் பள்ளத்தாக்கு பூரா குளிர் காய்ச்சல், அதாவது மலேரியா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல்லு கடகடன்னு ஆடும், ஜனங்க அத வியாதின்னே கணக்குல சேக்கறதில்ல, அந்த அளவுக்கு சகஜம். மிசௌரில ஆரோ ராக் ஊர்ல ஜான் சாப்பிங்டன்னு ஒரு டாக்டர் 1832ல இருந்தே குயினைன் மாத்திரை பண்ணி ஆளுங்கள விட்டு ஊர் ஊரா குதிரைல வித்துட்டு இருந்தார், பெரிய பணக்காரர் ஆனார். அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா 1844ல புத்தகம் போட்டு அந்த மாத்திரைல என்ன இருக்குன்னு ஊருக்கே சொல்லிட்டார், வியாபார ரகசியம்னு மூடி வைக்கல. ரத்தம் வடிக்கறத, பேதிக்கு குடுக்கறத விடுங்கடான்னு கூடப் படிச்ச டாக்டருங்ககிட்ட கத்திட்டே இருந்தவரும் அவர்தான். ரொம்ப பேரு கேக்கல.

ரெண்டாவது லாடனம், அதாவது சாராயத்துல கரைச்ச அபின். வலிக்கும் கேக்கும், பேதியையும் கட்டும். ஆனா புட்டிய பூட்டி வைங்க, இருமலுக்கு குடிச்சுப் பழகினவங்க, சும்மாவே குடிச்சுப் பழகினவங்க எல்லாம் வண்டிக் கூட்டத்துல இருப்பாங்க, ராத்திரி நாலு சொட்டு குடுங்க டாக்டரேன்னு வந்து நிப்பாங்க. மூணாவது குளோரோஃபார்ம் ஒரு சின்ன புட்டி. ஈதர் வேணாம், அதுக்கு புட்டி பெருசு வேணும், லாந்தர் வெளிச்சத்துல வேலை பாக்கறப்ப தீப்பிடிக்கும். அப்புறம் எலும்பு அறுக்கற ரம்பம், ரெண்டு கத்தி, பல்லு புடுங்கற கொறடு (இதுதான் அதிகமா ஓடும், எழுதி வெச்சுக்கங்க), ஊசி நூலு, பழைய சுத்தமான துணி நிறைய. எலுமிச்சை சத்து கிடைச்சா வாங்கிடுங்க, கிடைக்கலன்னா காஞ்ச ஆப்பிளாவது. கடைசி மூணு மாசம் மாவும் உப்புக்கண்டமும் மட்டும் தின்னா ஈறு வீங்கி ரத்தம் வர்ற ஸ்கர்வி வரும், வழில காட்டு வெங்காயம் தெரிஞ்சா வெக்கப்படாம பிடுங்கித் தின்னுங்க.

இப்ப காலமெல்.

காலமெல்னா பாதரச உப்பு, வெள்ளைப் பொடி. உங்க காலேஜ்ல எல்லாத்துக்கும் இதத்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க, ஜுரமா காலமெல், மஞ்சக்காமாலையா காலமெல், பேதியா அதுக்கும் காலமெல். எச்சில் ஊத்து மாதிரி கொட்ட ஆரம்பிச்சா மருந்து பிடிச்சிருச்சுன்னு அர்த்தமாம், உண்மைல அது பாதரச விஷம் ஏறினதுக்கு அடையாளம், கொஞ்சம் தாண்டினா பல்லு ஆடி விழும், கன்னமே அழுகும், குழந்தைங்களுக்கு தாடை போனதெல்லாம் உண்டு. இந்தப் பழக்கத்துக்கு பெரிய சாமி ஃபிலடெல்ஃபியா டாக்டர் பெஞ்சமின் ரஷ். நாட்டோட மேற்குப் பக்கத்த ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் 1804ல கிளம்பினப்ப அவரோட பேதி மாத்திரை அறுநூறு கொண்டு போனாங்க, ஆளுங்க அதுக்கு வெச்ச பேரு இடி. பின்னால மொன்டானால அவங்க தங்கின ஒரு இடத்துல தோண்டினப்ப பள்ளம் தோண்டி கழிவு போன இடத்துல மண்ணுல பாதரசம் கிடைச்சுது, அத வெச்சுத்தான் இதுதான் முகாம்னே உறுதி பண்ணாங்க. இருநூறு வருஷம் கழிச்சும் மண்ணுல நிக்கற சாமான நீங்க ஆறு வயசு பிள்ளைக்கு குடுக்கணுமா?

ஆனா பைல காலமெல் இல்லன்னா ஒருத்தனும் உங்கள டாக்டர்னு மதிக்க மாட்டான், அதனால புட்டி இருக்கட்டும், வெளில தெரியற மாதிரியே வைங்க. திறக்காதீங்க. ரத்தம் வடிக்கற லான்செட் கத்திக்கும் இதேதான், அதுல சீழ்க்கட்டி கீறுங்க, வேற எதுக்கும் வேணாம். இந்த முழு கையேட்டுல கஷ்டமான வேலை இதுதான். பக்கத்துல நோயாளியோட அம்மா நின்னுட்டு ஏதாவது பண்ணுங்க டாக்டரேன்னு கையப் பிடிச்சு அழறப்ப ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கறதுக்கு காலேஜ்ல பாடம் கெடையாது.

கிளம்பற நாள் ஜோசியம் பாத்து இல்ல, புல்லு பாத்து. ஏப்ரல் கடைசி, மே ஆரம்பத்துல புல்வெளில புல்லு மாடு மேயற உயரத்துக்கு வளரும், அதுக்கு முன்னாடி போனா மாடு பட்டினி, ரொம்ப தள்ளிப் போனா முன்னாடி போனவங்க மாடு எல்லாத்தையும் மேஞ்சு முடிச்சிருக்கும், கடைசில சியரா மலைல பனி வந்து மாட்டிக்குவீங்க. ஜூலை 4 கிட்ட இன்டிபென்டன்ஸ் ராக்னு சொல்ற பெரிய பாறைகிட்ட இருந்தா சரியான கணக்கு. வண்டிக்கு குதிரை பூட்டாதீங்க, எருது பூட்டுங்க, மெதுவா போகும் ஆனா கண்டதையும் தின்னு உயிரோட இருக்கும், ஒரு நாளைக்கு பதினஞ்சு மைல் போனா நல்ல நாள். நீங்க வண்டில ஏறி உக்காந்துட்டு போகலாம்னு நெனச்சா மறந்துடுங்க, வண்டில சாமான் மட்டும்தான், ஆளுங்க நடைதான், வண்டில படுத்துட்டு வர்றவங்க உங்க நோயாளிங்க.

சாப்பாட்டுக்கு லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ்னு ஒருத்தர் 1845ல குடுத்த கணக்கு இருக்கு: ஆளுக்கு மாவு 200 பவுண்ட், உப்புப் போட்ட பன்னிக்கறி 150, காபி 10, சர்க்கரை 20, உப்பு 10. கணக்கு நல்ல கணக்குதான், ஆனா அவர் சொன்ன குறுக்கு வழில மட்டும் போயிடாதீங்க, 1846ல டோனர் கூட்டம் அதுல போய்த்தான் தாமதமாகி சியரா பனில மாட்டி பாதிப் பேரு கிட்ட செத்தாங்க. சர்க்கரை 20, உப்பு 10, இத மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

செயின்ட் ஜோசப்ல இருந்து கிளம்பி கொஞ்ச நாள்லயே பிளாட் ஆறு வரும். அகலமான ஆறு, ஆழமே கெடையாது, குடிக்கறதுக்கு கெட்டி உழுகறதுக்கு தண்ணின்னு அங்க கேலி பேசுவாங்க. அந்த வருஷம் மட்டும் நாப்பதாயிரத்துக்கும் மேல ஜனம் அந்த ஒரே ஆத்தங்கரைலதான் போகுது, ஒரே இடத்துல ஒருத்தர் விட்டு ஒருத்தர் முகாம், நேத்து ஒருத்தன் கொல்லைக்கு போன இடத்துக்கு பத்தடி தள்ளி இன்னைக்கு இன்னொருத்தன் ஊத்து தோண்டி குடிக்கறான். ஆத்துத் தண்ணி கலங்கலா இருக்குன்னு ஊத்து தோண்டறது சுத்தம்னு வேற நெனப்பு. இங்கதான் வாந்திபேதி, அதாவது காலரா. 1849ல இருந்து நாலு வருஷம் இந்த வழில இது கொன்ன அளவுக்கு வேற எதுவுமே கொல்லல. காலைல மாட்ட நுகத்துல பூட்டினவன் மத்தியானம் வயித்தப் பிடிச்சுட்டு உக்காருவான், பொழுது சாயறப்ப கண்ணு உள்ள போய் தோல் சுருங்கி கை நீலமாயிடும், ராத்திரி குழி. குழிய நரி தோண்டாம இருக்க மேல வண்டிய ஓட்டி சமம் பண்ணிட்டு போவாங்க.

இந்த நோய் வந்ததே நம்ம பக்கத்துல இருந்துதான், 1817ல வங்காளத்துல கிளம்பினது கப்பல் ஏறி உலகம் சுத்தி 1832ல அமெரிக்காவுக்குள்ள மொத தடவை வந்துச்சு, 1849ல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து நீராவிப் படகுல ஏறி செயின்ட் லூயிஸ் வந்து, அங்க ஆயிரக்கணக்குல கொன்னுட்டு, மிசௌரி ஆத்துல மேல வந்து, இப்ப உங்க கூட நடந்து வருது.

உங்க வாத்தியார் சொன்ன வைத்தியம் என்ன? காலமெல் குடு, ரத்தம் வடி, தண்ணி கேட்டா குடுக்காத. உடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வெளில போய்த்தான் ஆளு சாகறான், அவன் தண்ணி தண்ணின்னு கெஞ்சறான், டாக்டர் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு இன்னும் பேதியாகற பொடிய குடுக்கறார். படிக்கறப்ப எனக்கு புத்தகத்த மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போகணும் போல இருந்துச்சு. 1832லயே ஸ்காட்லாந்துல தாமஸ் லாட்டான்னு ஒரு டாக்டர் உப்புத் தண்ணிய ரத்தக் குழாய்ல ஏத்தி சில பேர எழுப்பி உக்கார வெச்சு அதப் பத்தி பத்திரிகைல எழுதவும் செஞ்சார், அது அப்படியே மறந்து போச்சு.

இப்ப அந்த சர்க்கரை 20, உப்பு 10க்கு வாங்க. ஒவ்வொரு வண்டிலயும் சர்க்கரை மூட்டை இருக்கு, உப்பு மூட்டை இருக்கு, காபி போட தண்ணி கொதிக்க வெச்சுட்டுத்தான் இருக்காங்க. நம்ம ஊர்ல டிவில காமிச்சு காமிச்சு பாட்டிக்கு கூடத் தெரியற அந்த உப்பு சர்க்கரை கரைசல், காய்ச்சின தண்ணி ஒரு லிட்டர்ல ஆறு டீஸ்பூன் சர்க்கரை அரை டீஸ்பூன் உப்பு, அதுக்கு வேண்டிய மூணு சாமானும் சாகறவன் தலைமாட்டுலயே இருந்துச்சு. குடல்ல சர்க்கரை கூட இருந்தாத்தான் உப்பையும் தண்ணியையும் உள்ள இழுக்கும்னு 1960கள்லதான் கண்டுபிடிச்சாங்க, 1971ல வங்காளதேச அகதி முகாம்ல திலீப் மகலநபிஸ் அத டிரம்ல கரைச்சு கூட்டம் கூட்டமா குடுத்து காப்பாத்தினார். நூத்தி இருபது வருஷம் லேட்டு. அதனால கையேடு எழுதறவன்ங்கற முறைல கொஞ்சம் ஏமாத்து வேலை பண்ணி உங்களுக்கு மட்டும் சொல்றேன்: கரைச்சுக் குடுங்க, வாந்தி எடுத்தாலும் அஞ்சு நிமிஷம் விட்டு ஒரு ஒரு ஸ்பூனா திரும்ப குடுங்க, ராத்திரி பூரா. மருந்துன்னு சொன்னாத்தான் குடிப்பாங்க, அதனால பைல இருந்து ஏதாவது புட்டிய எடுத்து குலுக்கற மாதிரி குலுக்கிட்டு குடுங்க. கூட்டத்துல மத்த எல்லாரும் காபி மட்டும்தான் குடிக்கணும்னு கேப்டன்கிட்ட சண்டை போட்டாவது சட்டம் போடுங்க, பச்சைத் தண்ணிய யாரும் தொடக்கூடாது.

லாரமி கோட்டை தாண்டி மேடு ஏற ஏற காலரா குறைஞ்சுடும், தண்ணி ஓட்டமா இருக்கும், கூட்டமும் கலைஞ்சிருக்கும்.

ஆனா ஒண்ணு, அந்த ஆத்தங்கரை யாரோட ஊருன்னு மறந்துடாதீங்க. 1849ல பாவ்னிங்கற பூர்வகுடி ஜனங்க ஆயிரத்துக்கும் மேல காலராவுல செத்தாங்க, செய்யன் ஜனங்கள்லயும் கூட்டம் கூட்டமா. நீங்க கடந்து போயிடுவீங்க, நோய் அவங்ககிட்ட தங்கிடும். இந்தியன் (இந்தப் பூர்வகுடிங்களத்தான் அப்படிச் சொல்வாங்க) வந்து தாக்குவான்னு பயந்து துப்பாக்கிய நிரப்பி தலைமாட்டுல வெச்சு படுப்பாங்க எல்லாரும், 1840ல இருந்து 1860 வரைக்கும் இந்த வழில அப்படி செத்த பயணிங்க ஒரு ஆராய்ச்சியாளர் கணக்குல நானூறுக்கும் கம்மி, பயணிங்க கொன்ன இந்தியர்கள் அத விட ஜாஸ்தி. அந்த நிரப்பின துப்பாக்கி வண்டி குலுங்கறப்ப தானா வெடிச்சு சொந்த அண்ணன் கால்ல பாஞ்ச கேஸ்தான் உங்ககிட்ட வரும்.

அம்புக் காயம் வந்தா ஒரே விதி, தண்டப் பிடிச்சு இழுக்காதீங்க. முனைய தண்டுல நரம்பால சுத்திக் கட்டியிருப்பாங்க, ரத்தத்துல நனைஞ்சா நரம்பு இளகிடும், தண்டு மட்டும் கைல வரும், இரும்பு உள்ள நின்னுடும். கீறி விரல விட்டு தேடி எடுக்கணும். இதுல பேர் வாங்கினவர் மார்க்கஸ் விட்மன், அவர் கதைய கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா உங்கள மாதிரி ஆளு எப்படி ஜெயிக்கலாம் எப்படி தோக்கலாம்னு ரெண்டும் அதுலயே இருக்கு.

1835ல விட்மன் தோல் வியாபாரக் கம்பெனி கூட்டத்தோட மொத தடவை மேற்கே போனார். கூட வந்தவர் சாமுவேல் பார்க்கர் பாதிரியார், விட்மன் மிஷன் டாக்டர், கம்பெனி ஆளுங்க எல்லாம் குடிகாரனுங்க, ஞாயித்துக்கிழமை நடக்க மாட்டேன்னு சொல்ற இவங்கள கண்டாலே ஆகாது. பெல்வியூ கிட்ட வந்தப்ப கூட்டத்துல காலரா. விட்மன் தானே உடம்பு சரியில்லாம இருந்தும் ராத்திரி பகலா பாத்தார், முகாமையே அந்த தாழ்வான அசிங்கமான இடத்துல இருந்து மேட்டுக்கு மாத்தச் சொன்னார், செத்தவங்க சில பேருதான். அதுக்கப்புறம் மரியாதையே வேற. அந்த ஆகஸ்ட்ல கிரீன் ரிவர் சந்தைல ஜிம் பிரிட்ஜர்னு ஒரு மலை வேட்டைக்காரர் முதுகுல கிட்டத்தட்ட மூணு வருஷமா கிடந்த மூணு இஞ்ச் இரும்பு அம்பு முனைய மயக்க மருந்து இல்லாம எல்லார் முன்னாடியும் அறுத்து எடுத்தார், முனை எலும்புல மோதி கொக்கி மாதிரி வளைஞ்சு அத சுத்தி குருத்தெலும்பு வளந்திருந்துச்சு. எப்படிய்யா இத்தன நாள் சீழ் பிடிக்காம இருந்துச்சுன்னு கேட்டதுக்கு மலைல கறி கெட்டுப்போகாது டாக்டரேன்னு பிரிட்ஜர் சொன்னதா கதை. அன்னைக்கு மத்த வேட்டைக்காரங்க, இந்தியர்கள் எல்லாம் அவர் முன்னாடி வரிசைல நின்னாங்க.

அதே விட்மன் 1836ல மனைவி நார்சிசாவோட திரும்ப வந்து வயிலாட்புங்கற இடத்துல, இப்ப வாலா வாலா ஊருக்கு பக்கம், கயூஸ்ங்கற பூர்வகுடி ஜனங்களோட நிலத்துல மிஷன் வெச்சார். பதினோரு வருஷம். வருஷா வருஷம் அந்த வழியா வெள்ளைக்காரங்க வண்டி பெருகிட்டே வருது. 1847ல அம்மை, அதாவது தட்டம்மை வந்துச்சு. விட்மன் ரெண்டு பக்கமும் வைத்தியம் பாத்தார், வெள்ளைக்காரப் பிள்ளைங்க பெரும்பாலும் பொழச்சாங்க, கயூஸ் ஜனங்க பாதி கிட்ட செத்தாங்க, அவங்க உடம்புக்கு அந்த நோய் புதுசு. வெளில இருந்து பாக்கறவனுக்கு என்ன தோணும்? அவங்க வழக்கப்படி வைத்தியன் கையில நோயாளி செத்தா வைத்தியன்தான் பொறுப்பு, உயிருக்கு உயிர் கேக்கலாம், இது விட்மனுக்கும் தெரியும். நவம்பர் 29ல ஆரம்பிச்சு சில நாளுக்குள்ள அவரையும் நார்சிசாவையும் வேற பதினோரு பேரையும் கொன்னாங்க. 1850 ஜூன்ல, நீங்க பிளாட் ஆத்தங்கரைல நடந்துட்டு இருக்கற அதே மாசம், ஓரிகன் சிட்டில அஞ்சு கயூஸ் ஆளுங்கள தூக்குல போட்டாங்க. ஆகவே வழில யாராவது கூப்பிட்டா கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போங்க, அவங்க வைத்தியர் இருந்தா அவர்கிட்ட அனுமதி கேட்டுட்டு உக்காருங்க, பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்சா பெரியம்மைய தடுக்கற அம்மைப்பால் காஞ்ச பொருக்க கண்ணாடிக்கு நடுவுல வெச்சு மூடி எடுத்துட்டுப் போங்க, 1837ல நீராவிப் படகுல பெரியம்மை போய் மாண்டன் ஜனங்கள்ல நூத்துச் சொச்சம் பேர மட்டும்தான் விட்டு வெச்சுது.

எலும்பு முறிவு. இதுதான் உங்க நிஜமான சோறு. ஓடற வண்டில இருந்து குதிச்சு எறங்கற பிள்ளைங்க பாவாடை சட்டை மாட்டி சக்கரத்துக்கு அடில போவாங்க, சாமானோட ஒரு டன்னு வெயிட்டு. தோல் கிழியாத முறிவுன்னா நம்ம ஊரு மூங்கில் பத்தை வைத்தியம் மாதிரிதான், மரப் பலகைய செதுக்கி துணி சுத்தி இழுத்துக் கட்டுங்க, வண்டி குலுங்காம இருக்க தொட்டில் மாதிரி தொங்க விடுங்க. தோல் கிழிஞ்சு எலும்பு வெளில தெரிஞ்சா அன்னைக்கே முடிவு பண்ணணும், தள்ளிப் போடக் கூடாது. 1846ல எட்வின் பிரையன்ட்னு ஒரு பத்திரிகைக்காரர், கொஞ்சம் வைத்தியம் படிச்சவர், டாக்டர்னு நெனச்சு பக்கத்து முகாம்ல இருந்து கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா ஒரு சின்னப் பையன், ஒன்பது நாளைக்கு முன்னாடி கால்ல சக்கரம் ஏறியிருக்கு, அழுகி புழு நெளியுது. இவன் பொழைக்க மாட்டான், அறுத்து வேதனைப்படுத்தாதீங்கன்னு பிரையன்ட் சொல்லிட்டார். அம்மா கேக்கல. ஆஸ்பத்திரில உதவியாளா இருந்த ஒரு மாட்டுக்காரர் லாடனம் குடுத்துட்டு கசாப்புக் கத்தியும் சாதாரண ரம்பமும் வெச்சு அறுத்தார், முடியறப்ப பையன் செத்துட்டான். அன்னைக்கு சாயங்காலமே பிரையன்ட் அக்கம்பக்கத்து முகாம்ல ஒரு கல்யாணத்துக்குப் போனார், அதே நேரம் இன்னொரு முகாம்ல ஒரு பிள்ளை பொறந்துச்சு, ரெண்டு மைலுக்குள்ள எல்லாமே.

பிரசவத்துக்கு உங்கள கூப்பிட மாட்டாங்க, கூட்டத்துல அனுபவப்பட்ட அம்மாங்க பாத்துக்குவாங்க. ரொம்ப முடியாமப் போனாத்தான் கூப்பிடுவாங்க, அப்ப போறதுக்கு முன்னாடி கைய சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுங்க, நகத்துக்குள்ளயும். டாக்டர் கையாலதான் பிரசவ ஜுரம் பரவுதுன்னு 1843லயே பாஸ்டன்ல ஹோம்ஸ்னு ஒரு டாக்டர் எழுதிட்டார், 1847ல வியன்னால செமல்வைஸ் நிரூபிச்சே காட்டினார், ரெண்டு பேரையும் பெரிய டாக்டருங்க திட்டினாங்க.

சவுத் பாஸ் கணவாய் வந்தா தெரியவே தெரியாது, மலை உச்சின்னு எதிர்பாத்தா அகலமான புல்வெளி. அத தாண்டி ஹம்போல்ட் ஆறு, சனியன் பிடிச்ச ஆறு, போகப் போக உப்புக் கரிச்சு கடைசில மண்ணுல காணாமப் போயிடும், அப்புறம் நாப்பது மைல் தண்ணியே இல்லாத பாலைவனம், சாயங்காலம் கிளம்பி ராத்திரில கடங்க. கார உப்புத் தண்ணி குடிச்ச மாடு விழுந்தா பன்னிக் கொழுப்ப தொண்டைக்குள்ள தள்ளுங்க, இந்தக் கட்டத்துல நீங்க மாட்டு டாக்டர்தான், மனுஷங்கள விட மாடு உயிர் முக்கியம்னு எல்லாரும் நெனப்பாங்க, தப்பும் இல்ல.

பீஸ் விஷயம். வழில காசு கேக்காதீங்க, சாப்பாட்டுல பங்கு, மாட்டுக்கு உதவி, ராத்திரி காவல்ல இருந்து விடுதலை, இதுதான் சம்பளம். கலிபோர்னியா தங்கச் சுரங்கத்துக்கு வந்துட்டீங்கன்னா கதையே மாறிடும், ஒரு தடவை போய்ப் பாத்தா ஒரு அவுன்ஸ் தங்கம், பதினாறு டாலர், கேக்கலாம். அதே சமயம் அங்க டாக்டருங்க அவ்வளவு பேரு, பாதிப் பேரு கோடாலிய தூக்கிட்டு மண்ணு தோண்டப் போயிட்டாங்க.

எல்லாம் சரியா நடந்தா செப்டம்பர் கடைசில சாக்ரமென்டோ. நீங்க சியரா ஏறிட்டு இருக்கறப்பவே 9ஆம் தேதி கலிபோர்னியா மாநிலமாயிருக்கும், சேதி அங்க வந்து சேர அக்டோபர் பாதி ஆயிடும். இடம் பிடிச்சு போர்டு மாட்டுங்க, ஈறு வீங்கினவங்க நிறைய வருவாங்க, வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கி வைங்க. குயினைன் புட்டி தீர்ந்திருக்கும், லாடனம் அடில ஒரு விரல் இருக்கும், காலமெல் செயின்ட் ஜோசப்ல வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். குயினைன் திரும்ப வாங்குங்க, சர்க்கரையும் உப்பும் மூட்டையா வாங்குங்க, கடைக்காரர் எதுக்குன்னு கேப்பார், ஏதாவது சொல்லுங்க. ஏன்னா அக்டோபர் மூணாவது வாரத்துல ஆத்து வழியா காலரா அங்கயும் வருது, ஊர்ல பெரும்பாலானவங்க ஓடிடுவாங்க, தங்கி வைத்தியம் பாத்த டாக்டருங்கள்ல பதினேழு பேரு அந்த ஒரு மாசத்துலயே செத்தாங்க. காபி மட்டும் குடிங்க.